நூற்றியொன்றாவது அணு

நான்காவது கிண்ணம் காலியாக இருந்தது.

பியாட்ரிஸ் அதைக் கண்ணால் காண்பதற்கு முன் காதால் அறிந்தாள். நுண்நோக்கியிலிருந்து பார்வையை எடுக்காமல், தகர டப்பாவிலிருந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்து, வட்ட வெளிச்சத்துக்குள் தென்படும் வெள்ளணு எந்த வகையோ அந்த வகைக்குரிய கண்ணாடிக் கிண்ணத்தில் போடுவது அவள் எண்ணும் முறை. டப்பாவில் பாண்டி பஜாரில் வாங்கிய வெள்ளைப் பொத்தான்கள் நூறு. மேசைமேல் கிண்ணங்கள் ஐந்து. பொத்தான் தீர்ந்தால் நூறு அணுக்களை எண்ணியாயிற்று. பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலும் கிடப்பதை எண்ணி எழுதினால் அதுவே அறிக்கை. காலிக் கிண்ணத்தில் பொத்தான் விழும் ஓசை ஒரு விதம், நிறைந்த கிண்ணத்தில் வேறு விதம். பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில் எந்தக் கிண்ணம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவள் காதே சொல்லிவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, டப்பாவின் அடித்தகரத்தில் விரல் பட்ட கணத்தில், நான்காவது கிண்ணம் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

நான்காவது கிண்ணம் ஈசினோஃபிலுக்கு உரியது. உள்ளே செம்மஞ்சள் மணிகள் செறிந்த அணு அது. நலமாக இருப்பவரின் நூறு வெள்ளணுக்களில் இரண்டோ மூன்றோ தென்படும். அவளுக்கு எப்போதும் மூன்று. புதிய சாயப் புட்டியைத் திறந்தால், சாயம் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று அறிய, நலமாக உள்ள ஒருவரின் இரத்தத்தை முதலில் சாயமேற்றிப் பார்ப்பது ஆய்வுக்கூடத்து வழக்கம். மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய அந்த நர்சிங் ஹோமில் அந்த ஒருவர் எப்போதும் அவளேதான், அன்றும் அவளேதான். ஆகவே தன் இரத்தத்தைத் தன் முகத்தைவிட நன்றாக அறிந்திருந்தாள். முகம் மாறியிருந்தது. இரத்தம் மாறியதில்லை.

இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தாள். அது பிஞ்சு அணுக்களின் கிண்ணம். ஓரிரு பொத்தான்களே கிடக்க வேண்டிய அது நிறைந்திருந்தது. மேசையில் கவிழ்த்து எண்ணினாள்.

முப்பத்தெட்டு.

அந்த எண் அவளுக்குத் தெரியும். முந்தைய நாள் அதே கிண்ணத்தைக் கவிழ்த்து அதே எண்ணைக் கண்டிருந்தாள். அன்று அது வேறொருவரின் இரத்தம்.

*

அவளுடைய கணவர் ஆம்ப்ரோஸ் சாந்தோமில் ஒரு பள்ளியில் ட்ராயிங் மாஸ்டர். சர்க்கரை வியாதிக்காரர். பிடரியில் கிளம்பிய ராஜபிளவையை வெறும் கட்டி என்று பத்து நாள் சட்டைக் காலருக்குள் மறைத்து வைத்திருந்தவர், சனிக்கிழமை வகுப்பில் கரும்பலகைமுன் சரிந்து விழுந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சீழின் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டது. உடல் கொதித்தது. பேச்சு குழறியது. மனைவியை யாரென்று கேட்டார்.

நர்சிங் ஹோமின் உரிமையாளரான டாக்டர் மாணிக்கவாசகத்திடம் இத்தகைய நோயாளிகளுக்கென்று ஒரு விதி இருந்தது. எலும்புக்குள் முதிர வேண்டிய வெள்ளணுக்கள், உடல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது, முதிரும் முன்பே வெளியே அனுப்பப்படுகின்றன. அவற்றின் உட்கரு துண்டுபடாமல் குதிரை லாடம்போல் வளைந்திருக்கும். அவையே பிஞ்சு அணுக்கள். நஞ்சு மிகுந்தால் பிஞ்சுகள் பெருகும், ஈசினோஃபில் மறையும். பிஞ்சு முப்பதுக்கு மேல், ஈசினோஃபில் ஒன்றுகூட இல்லை என்ற நிலையை எட்டியவர் எவரும் தம் கட்டிலிலிருந்து எழுந்ததில்லை என்பது டாக்டரின் பதினோரு ஆண்டுக் குறிப்புகள் காட்டிய முடிவு. குறிப்புகளிலிருந்த எண்கள் யாவும் பியாட்ரிஸ் எண்ணித் தந்தவை.

விதி வெறும் கணிப்பாக இருந்தவரை எவருக்கும் கேடில்லை. அந்த ஆண்டு, எழுபத்து மூன்றில், பம்பாயிலிருந்து புதிய ஊசிமருந்து வந்தது. ஆறே குப்பிகள், நாளுக்கு இரண்டு வீதம் ஒருவருக்கு மூன்று நாள் போடலாம். பிழைக்கக் கூடியவருக்கு மட்டும்தான் அதைப் போடுவது என்று டாக்டர் முடிவு செய்தார். அதில் கொடுமை ஏதும் இருப்பதாக அவள்கூட நினைக்கவில்லை, திங்கட்கிழமை வரை.

திங்கட்கிழமை ஆம்ப்ரோஸின் இரத்தத்தை எண்ணினாள். பிஞ்சு முப்பத்தெட்டு. ஈசினோஃபில் இல்லை.

 பிறகு, சனிக்கிழமை சாயம் பார்க்கத் தன் விரலில் எடுத்த ஸ்லைடைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதன்மேல் மெழுகுப் பென்சிலால் கணவரின் பெயரை எழுதினாள். கணவரின் ஸ்லைடை, கழுவி மறுபடி பயன்படுத்த வேண்டியவற்றோடு அமில ஜாடியில் போட்டாள். ஊதாத் திட்டு ஒன்று கண்ணாடியை விட்டுப் பிரிந்து கரைந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் அவள் செய்த முதல் பிழை அது; பிழை என்றும் சொல்ல முடியாது, தெரிந்தே செய்தாள்.

டாக்டர் ஸ்லைடைத் தாமே ஒருமுறை பார்த்தார்.

"பிஞ்சு ரெண்டு, ஈசினோஃபில் மூணு. இந்த ஜுரத்துக்கா? ஆச்சரியமா இருக்கே."

அவள் அறிக்கைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வேற யாராவது எண்ணியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீங்க எண்ணினது. ஊசிய ஆரம்பிச்சிடலாம், மிஸஸ் ஆம்ப்ரோஸ்."

*

அந்த முப்பத்தெட்டுதான் இப்போது அவள் மேசைமேல், அவளுடைய இரத்தத்திலிருந்து வந்து கிடந்தது.

ஸ்லைடு மாறியிருக்குமோ என்று பார்த்தாள். மாறுவதற்கு எதுவும் இல்லை. ஆம்ப்ரோஸின் ஸ்லைடு வெறுங்கண்ணாடியாகத் துணியின்மேல் காய்ந்துகொண்டிருந்தது. வேறு விரலைக் குத்தி மறுபடி எடுத்தாள். அதே லாடங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்த்தாள், ஜுரம் இல்லை. காலையில் நான்கு இட்டிலி தின்று, சாந்தோமிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கட்டிலில் கிடந்து சாக வேண்டியவளின் இரத்தம், இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டுக்குள், எந்த வலியும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கதவை இடித்துத் திறந்துகொண்டு ஜமீலுன்னிசா வாளியோடு வந்தாள். வார்டு ஆயா; ராயப்பேட்டையிலிருந்து வருபவள்; எவருக்கும் குரலைத் தாழ்த்தாதவள்.

"லேப்பம்மா, மாஸ்டரு எந்திரிச்சுக் குந்திக்கினு கீறாரு. கஞ்சி பத்தலியாம், இன்னொரு டம்ளரு கேக்கறாரு. நேத்து வரைக்கும் பேரு தெரியாத மனுஷன், இன்னிக்கி என்னைப் பாத்து, ஜமீலா, கஞ்சில உப்பு இல்லன்றாரு."

"ஜுரம்?"

"எறங்கிப்போச்சு. டாக்டரு மூஞ்சியப் பாக்கணுமே. தானே பெத்த மாதிரி நிக்கிறாரு. மாஸ்டரு ரத்தம் இன்னிக்கும் பாக்கணுமாம், சொல்லச் சொன்னாரு."

மகிழ்ச்சி வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. ஒரே நாள் ஊசியில் இரத்தம் மாறியிருக்காது. உண்மையான ஸ்லைடில் இன்னும் முப்பத்தெட்டு இருந்தால் மீதி நான்கு குப்பிகளும் அலமாரிக்குத் திரும்பும். நேற்றைப்போல் தன் இரத்தத்தைக் கொடுக்கலாமென்றால், அது இப்போது கொடுக்கும் நிலையில் இல்லை.

அவள் ஜமீலுன்னிசாவின் கையைப் பார்த்தாள். ஃபினைல் வாடை வீசும், தடித்த, நலமான கை.

"விரலைக் குடு ஜமீலா. புதுச் சாயம் வந்திருக்கு, பாக்கணும்."

"உன் வெரலு இன்னா ஆச்சு? அதைத்தானே குத்தி வெளையாடுவே?"

"ஒரு மாறுதலுக்கு."

"என் ரத்தம் டீத்தண்ணியா கீதும்மா. பாத்துட்டு சிரிக்காத." குத்தியதும் விரலை வாயில் வைத்துச் சப்பினாள். "இதுக்கு ஒரு டீயாச்சும் வாங்கித் தருவியா, இல்லாங்காட்டி இதுவும் தர்மக்கணக்கா?"

"வாங்கித் தரேன்."

ஜமீலுன்னிசாவின் நூறில் முதிர்ந்த அணுக்கள் ஐம்பத்தெட்டு, பிஞ்சு மூன்று, ஈசினோஃபில் நான்கு, மற்ற இரு வகையும் சேர்த்து முப்பத்தைந்து. நல்ல இரத்தம். பியாட்ரிஸ் அதன்மேல் ஆம்ப்ரோஸின் பெயரை எழுதினாள். நேற்று அதை இருமுறை அழித்து எழுதியிருந்தாள். இன்று முதல் முறையிலேயே எழுத்து நேராக வந்ததை அவள் கவனித்தாள்.

*

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கிழக்கிலிருந்து வீசிய காற்றில் நொச்சிக்குப்பத்துக் கருவாட்டு வாடை ஈரத்தோடு கலந்து ஜன்னல் வழியே வந்தது. எட்டு மணிக்கு வந்த ஜமீலுன்னிசா வாளியை எடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்து வாசலில், வலக்கையை இடக்கையால் ஏந்தியபடி நின்றாள். விரல் மஞ்சள் பற்றுக்குள் இருமடங்காக இருந்தது.

"வெடவெடன்னு கீது லேப்பம்மா. ராத்திரி தூக்கமே இல்ல. ஒரு மாத்திரை குடேன்."

பியாட்ரிஸ் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து வேறு கையில் குத்தினாள். எண்ணத் தொடங்கியபோதே தெரிந்துவிட்டது. எனினும் நூறையும் எண்ணினாள். நான்காவது கிண்ணம் ஒலிக்கவில்லை. இரண்டாவதைக் கவிழ்க்க வேண்டிய தேவையே இல்லை. கவிழ்த்தாள். முப்பத்தெட்டு.

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தது. அதில் இன்னும் இரண்டு குப்பிகள் மீதம். இருபது அடி நடந்து, டாக்டரிடம் மூன்று வாக்கியங்கள் சொன்னால் போதும். அந்த மூன்று வாக்கியங்களையும் அவள் மனத்தில் அமைத்துப் பார்த்தாள். முதல் வாக்கியத்திலேயே ஆம்ப்ரோஸ் இருந்தார்.

"என்னாம்மா, பேசாம கீற? ரத்தம் அவ்ளோ மோசமா கீதா?"

"ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போய்ப் படு. ஜாஸ்தியானா பெரியாஸ்பத்திரிக்குப் போ."

"டீ பாக்கி. மறந்துடாத." முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு ஜமீலுன்னிசா மழையில் இறங்கினாள்.

அன்று வேறெவருடைய விரலையும் தொடுவதில்லை என்று பியாட்ரிஸ் முடிவு செய்தாள். ஆம்ப்ரோஸின் சொந்த இரத்தத்தையே எடுப்பாள். அது தேறியிருந்தால் இந்தக் கொடுமை இத்தோடு முடிந்தது. தேறவில்லையென்றால் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

ஆம்ப்ரோஸ் சவரம் செய்துகொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிடரிக் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். முந்தாநாள் ஒரு கை அகலத்துக்குச் சல்லடைக் கண்களாகச் சீழ் வடிந்த இடம், காகிதம் ஒட்டியதுபோல் வெளுத்து, காய்ந்து, வாடையற்று இருந்தது. புண் ஆறும்போது விளிம்பில் வரும் சிவப்பு எங்கும் இல்லை. ஆறிய புண்ணாக அது தெரியவில்லை. அழித்த இடமாகத் தெரிந்தது.

விரலை அவள் கேட்பதற்கு முன்பே நீட்டினார்.

"குத்து பீட்டி. எனக்கு இப்ப வலிக்கறதே இல்ல."

இரத்தம் உடனே வரவில்லை. பிறகு ஒரு துளி வந்தது. வழியாமல், பரவாமல், மணிபோல் விரல்மேல் நின்றது.

*

பிற்பகல் மூன்று மணிக்கு வானம் இருண்டிருந்தது. மின்சாரம் இல்லை. அதனால் அவளுக்கு இடையூறு இல்லை. அவளுடைய நுண்நோக்கி பழையது, ஜன்னல் வெளிச்சத்தைக் கீழுள்ள சிறு கண்ணாடியில் வாங்கி மேலே அனுப்புவது. கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, மேகத்தினூடே மிச்சமிருந்த வெளுப்பைப் பிடித்தாள். கதவைத் தாழிட்டாள். கூரைத் தகரத்தில் மழை. சாயத்தின் ஸ்பிரிட் நெடி. பொத்தான்கள் கிண்ணங்களில் விழும் மெல்லிய ஓசை.

நான்காவது கிண்ணம் ஒலித்தது. மறுபடி ஒலித்தது. அவள் மூச்சை விட்டாள்.

நூறு முடிந்ததும் கிண்ணங்களைக் கவிழ்த்தாள். முதிர்ந்தவை ஐம்பத்தெட்டு. பிஞ்சு மூன்று. ஈசினோஃபில் நான்கு. மற்றவை முப்பத்தைந்து.

நேற்று அவள் எழுதிய அறிக்கை. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

ஒரே மனிதரின் ஒரே ஸ்லைடை இருமுறை எண்ணினாலும் இரண்டொன்று முன்பின் வரும். வராமல் இருந்ததை அவள் ஒருநாளும் கண்டதில்லை. மறுபடி எண்ணுவதற்காகக் கண்ணைப் பதித்தாள். ஸ்லைடை விட்ட இடத்திலிருந்து நகர்த்தினாள். செவ்வணுக்கள், வெளிறிய காசுகளாக, நெருங்கி நெருங்கிச் சென்றன. அடுத்த வெள்ளணு வரவில்லை. இன்னும் நகர்த்தினாள். வரிசை மாற்றிக் கீழே இறங்கினாள். செவ்வணுக்கள். செவ்வணுக்கள். ஒரு துளியைத் தேய்த்த ஸ்லைடில் ஆயிரக்கணக்கில் வெள்ளணுக்கள் இருக்கும். நூறை எண்ணிவிட்டு மீதியை விட்டுவிடுவதுதான் வழக்கம். இந்த ஸ்லைடில் விடுவதற்கு மீதி இல்லை. விளிம்பிலிருந்து விளிம்பு வரை, அரை மணி நேரம் தேடினாள்.

நூற்றியொன்றாவது அணு இல்லை.

அவள் எழுதியது மட்டுமே அவருக்குள் இருந்தது.

எண்ணிய நூறிடம் திரும்பிப் போனாள். முதிர்ந்தவற்றில் ஒன்றின் உட்கருவிலிருந்து, மெல்லிய காம்பில், மேளக்குச்சியின் நுனிபோல் ஒரு சிறு உருண்டை நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றிலும். அந்த உருண்டை பெண்களின் வெள்ளணுக்களில் மட்டும் காணப்படுவது. ஆணின் இரத்தத்தில் அதை எவரும் கண்டதில்லை. அவளும் கண்டதில்லை, அந்த நிமிடம் வரை.

வட்டம் இருண்டது.

மேகம் என்று எண்ணிக் கண்ணாடியைத் திருப்பினாள். வெளிச்சம் வரவில்லை. தலையை நிமிர்த்தினாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு, பின்பக்கத் தாழ்வாரத்தில், ஆம்ப்ரோஸ் நின்றிருந்தார். சாரலில் சட்டை நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. கம்பிகளை இரு கைகளாலும் பிடித்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சனிக்கிழமையிலிருந்து அவர் பத்தடி நடந்ததில்லை.

"எண்ணியாச்சா?"

"ஆச்சு."

"சரியா இருக்கா?"

 "இருக்கு."

"அப்ப ஏன் இன்னும் தேடறே?" அன்பாகவே கேட்டார். "வா. பசிக்குது."

*

வியாழக்கிழமை காலை ஜமீலுன்னிசாவின் தங்கை சகினா, அக்காவின் சம்பளப் பாக்கியை வாங்க வந்தாள். பெரியாஸ்பத்திரியில் விடியற்காலை எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"வெரல்ல இன்னாமோ குத்திச்சாம், அவ்ளோதான். கடேசில புத்தி தடுமாறிப்போச்சு. லேப்பம்மா டீ வாங்கித் தரேன்னிச்சு, வாங்கித் தரேன்னிச்சுன்னு ஒரே பேச்சு. யாரு அது, நீங்களா?"

பியாட்ரிஸ் ஆம் என்றாள். சகினா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனாள்.

பதினொரு மணிக்கு விரல் தெறிக்கத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை குத்திய விரல்கள், இரண்டும். இரண்டு மணிக்குக் குளிர் வந்தது. கோட்டின்மேல் மேசைவிரிப்பைப் போர்த்திக்கொண்டும் பற்கள் மோதின. மூன்று நாள் அவள் இரத்தத்தில் காத்திருந்த நஞ்சு இப்போது கட்டிலைத் தேடியது. ஆறாவது குப்பியும் நேற்று மாலையே காலியாகிவிட்டதை அவள் அறிவாள். ஆய்வுக்கூடத்துத் தரையில் அவளைக் கண்டெடுத்தவர் ஆம்ப்ரோஸ்தான் என்று பிறகு சொன்னார்கள். தனியாளாகத் தூக்கி வந்தாராம்.

வெள்ளிக்கிழமை அவள் கண் விழித்தபோது ஆம்ப்ரோஸ் படுத்திருந்த கட்டிலில் கிடந்தாள். மழை ஓய்ந்து, ஜன்னலில் வெண்ணிறப் பகல். இடக்கையைப் பலகையில் நீட்டி வைத்து, மணிக்கட்டிலும் முழங்கையிலும் துணியால் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் இரும்புத் தாங்கி. அதில் இன்னும் எதுவும் தொங்கவில்லை.

டாக்டர் குனிந்தார். மூன்று நாள் முன்பிருந்த மகிழ்ச்சி அவர் முகத்தில் இல்லை. "வெளியிலேர்ந்து ஒருத்தரக் கூட்டிட்டு வந்து எண்ணிப் பாத்தோம். பிஞ்சு ஐம்பத்தொண்ணு. மத்தது... உங்களுக்கே தெரியும். பம்பாய்க்குத் தந்தி அடிச்சிருக்கேன், மருந்து திங்கக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் புது ரத்தம் ஏத்திப் பாக்கலாம்."

"யாரோடது?"

"மாஸ்டரோடது. அதே குரூப். பொருத்தமும் பாத்தாச்சு."

அவள் எழ முயன்றாள். பலகை எழ விடவில்லை.

"வேண்டாம் டாக்டர்."

"நாலு நாள் முன்னாடி சாகக் கிடந்தவர்கிட்ட எடுக்கலாமான்னு நானும் யோசிச்சேன். ஆனா அந்தக் கிருமிய ஜெயிச்ச ரத்தம் அது. கவுண்ட்டும் அப்படி. நீங்களே எழுதினது."

"நான் எழுதினது பொய்." நாக்கு தடித்திருந்தது, ஒவ்வொரு சொல்லையும் தள்ளி வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. "திங்கக்கிழமை வச்சது என் ஸ்லைடு. செவ்வாக்கிழமை ஜமீலாவோடது. அவருக்கு முப்பத்தெட்டு டாக்டர். முப்பத்தெட்டு. ஈசினோஃபில் சைபர்."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஐஸ் பையை அவள் நெற்றியில் சரியாக வைத்தாள்.

"முப்பத்தெட்டு இருந்தவர் எழுந்து நின்னதில்லை, மிஸஸ் ஆம்ப்ரோஸ். அவர் நிக்கறார். பாருங்க."

அவர் நின்றிருந்தார். கட்டிலின் கால்மாட்டில், முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து மடக்கியபடி. ஏற்கெனவே எடுத்தாயிற்று.

"அந்த ஸ்லைடக் காட்டும்மா, பாக்கறேன்" என்றார் டாக்டர், குழந்தையிடம் பேசுவதுபோல்.

"கழுவிட்டேன்."

"சரி."

"புதன்கிழமை ஸ்லைடு இருக்கு. அத எடுத்துப் பாருங்க. நூத்தியொண்ணாவது இல்ல. நூறுதான் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல டாக்டர்."

"நூறு எண்ணினாப் போதும்னு நான்தானே சொல்லியிருக்கேன்." அவர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். நர்ஸிடம் தாழ்ந்த குரலில், "ஜன்னி. கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க" என்றார்.

கட்டினார்கள்.

கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து தாங்கியில் கவிழ்த்து மாட்டினார்கள். கருஞ்சிவப்பு, முக்கால் புட்டி. புட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஆம்ப்ரோஸின் பெயர். அதன் மேல்விளிம்பும் இரத்தத்தின் மட்டமும் ஒரே கோட்டில் இருந்தன. ரப்பர்க் குழாய். ஊசி உள்ளே நுழைந்தது. டாக்டர் திருகைத் தளர்த்தி, ஒருமுறை பார்த்து, தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நர்ஸ் ஐஸ் வாங்கப் போனாள்.

ஆம்ப்ரோஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டப்பட்ட அவள் கையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கை குளிராகவும் இல்லை, சூடாகவும் இல்லை.

அவள் கூச்சலிட்டாள். கூச்சல் என்று அவள் நினைத்தது முனகலாக வெளியே வந்தது. அடுத்த கட்டிலருகே நின்ற டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அசையாதே பீட்டி. ஊசி நகந்துடும்."

அவள் புட்டியைப் பார்த்தாள். வேறு எதையும் பார்க்க வழியில்லை. மட்டம் இறங்குவதற்காகக் காத்திருந்தாள். காகிதத்தின் மேல்விளிம்பு. அதன்மேல் இரத்தத்தின் கோடு. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். முழங்கைக்குள் ஏதோ இழுத்தது. மெதுவாக. தோள்வரை. மார்புவரை.

கோடு காகிதத்தின் மேல்விளிம்பில் இல்லை.

அவள் கண்ணைக் கொட்டிப் பார்த்தாள். விளிம்புக்கு மேலேயும் சிவப்பு இருந்தது. ஒரு விரற்கடை. இப்போது இரண்டு. தாழ்வாரத்தில் டாக்டரின் செருப்போசை தேய்ந்து அகன்றது. ஆம்ப்ரோஸ் தலையை நிமிர்த்தி, அவளோடு சேர்ந்து புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் ஓசையின்றி அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.

புட்டியில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது.